தோண்டாமல் வேரைப் பார்க்க முடியுமா? தென்னை விவசாயிக்கு அது ஏன் முக்கியம்?

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் எல்லாரும் குனிந்து பார்ப்பது அந்தக் கறுப்புத் தரையைத்தான். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்து போட்டது என்பார்கள். கோட்டையைத் தாண்டினால் பக்கமெல்லாம் தென்னை. ஆனால் அந்த மரங்களுக்குக் கீழே மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பது யார் கண்ணுக்கும் படாது.

ஏன் தெரியணும்?

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மூட்டிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் கிளம்பும். காசர்கோடு தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் 1970-களின் ஆய்வுப்படி, நன்கு பராமரித்த மரத்தில் 74% வேர்கள் பக்கவாட்டில் 2 மீட்டர் தூரத்தைத் தாண்டவில்லை. 82% வேர்கள் 31 முதல் 120 செ.மீ. ஆழத்தில் இருந்தன. உரத்தை மூட்டோடு ஒட்டிக் கொட்டாமல் வட்டப்பாத்தி முழுக்கப் பரப்பிப் போடச் சொல்வதும், இடையில் வாழை வைக்கச் சொல்வதும் இந்த மாதிரி கணக்கை நம்பித்தான்.

சிக்கல் என்னன்னா, வேரை எண்ண மண்ணைத் தோண்டணும். தோண்டினால் வேர் அறுந்துவிடும். அதே வேரை அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி பார்க்க முடியாது.

தோண்டாமல் எப்படி?

*கண்ணாடிக் குழாய்:* ஒளி ஊடுருவும் குழாயை மண்ணில் சாய்வாக இறக்கி, உள்ளே சிறு கேமரா விடுவார்கள். ஒரே வேர் வளர்வதையும் சாவதையும் மாதக்கணக்கில் பார்க்கலாம். ஆனால் குழாயை ஒட்டிய வேர் மட்டும்தான் தெரியும்.

*ரேடார்:* தரைமேல் கருவியை உருட்டினால் போதும். ஆலமரம் மாதிரி தடித்த வேருக்குச் சரி. விரல் தடிமன்கூட இல்லாத தென்னை வேருக்கும், ஈரக் களிமண்ணுக்கும் ஒத்துவராது.

*எக்ஸ்ரே ஸ்கேன்:* மருத்துவமனை சிடி ஸ்கேன் மாதிரிதான். தொட்டிச் செடிக்கு அருமை, தோப்புக்கு ஆகாது.

*கதிரியக்க பாஸ்பரஸ்:* வெவ்வேறு தூரத்தில், ஆழத்தில் மண்ணுக்குள் செலுத்திவிட்டு ஓலையில் எவ்வளவு வந்தது என்று அளப்பார்கள். எந்த வேர் நிஜமாகவே உறிஞ்சுகிறது என்பது புரியும். இதன் வீரியம் சுமார் 14 நாளில் பாதியாகிவிடும். திருச்சூர் அருகே கேரள வேளாண் பல்கலைக்கழகம் மரப்பயிர்களில் இதைச் செய்திருக்கிறது. ஆனால் இது உரிமம் பெற்ற ஆய்வாளர்களின் வேலை.

அப்போ குமரிக்கு?

கடலோர மணல், மேட்டுச் செம்மண், வயல் வரப்புக் களி என்று இந்தச் சின்ன மாவட்டத்திலேயே மண் மாறிக்கொண்டே போகிறது. எல்லாத்துக்கும் ஒரே 2 மீட்டர் கணக்கு பொருந்துமா? கேரள எல்லையைத் தாண்டி வந்த வேர் வாடல் நோய்க்குப் பெயரிலேயே வேர் இருக்கிறது. ஆனாலும் விவசாயி அதை அடையாளம் காண்பது ஓலை வாடி வளைந்த பிறகுதான்.

இங்கே ராக்கெட் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மூன்று வகை மண்ணிலும் சில கண்ணாடிக் குழாய்களை இறக்கி, இரண்டு பருவமழைக்கும் படம் எடுத்தால் போதும். உரமூட்டை விலை ஏறுகிற காலத்தில், அந்த உரம் வேருக்குப் போகிறதா, வீணாகிறதா என்று தெரிந்துகொள்வது விவசாயியின் உரிமை.