சின்னக் குறையாம்!

டெண்டர் பாடம் நடக்கும்போது நம்ம பசங்க கேட்டாங்க: "நல்ல ரேட் கொடுத்திருக்கான், பேப்பர்ல ஏதோ குறைன்னா விட்டுட வேண்டியதுதானே?"

அதெப்படி மக்களே? 1979-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பம்பாய் விமான நிலைய வழக்கைப் பாருங்க. இரண்டாம் தர ஓட்டல் நடத்திய 5 வருட அனுபவம் வேணும்னு நோட்டீஸ். கேன்டீன் மட்டுமே நடத்தியவருக்கு ஒப்பந்தம்! வழக்கு தாமதமா வந்ததால ஒப்பந்தம் பிழைச்சது. ஆனா நிபந்தனையைத் தளர்த்தியது தப்புன்னு கோர்ட் சொல்லிடுச்சு. "நமக்குத் தகுதியில்லை"ன்னு நம்பி டெண்டரே போடாதவன் என்ன இளிச்சவாயனா?

அதுக்காக முத்திரை கோணல்னு தூக்கியெறியச் சொல்லலை. ஸ்டேட் பாங்க் டிராஃப்ட் கேட்ட இடத்தில் யூனியன் பாங்க் காசோலை கொடுத்தவரை ரயில்வே ஏற்றது. 1991-ல் அதே கோர்ட் சரின்னது. முன்பணம் பத்திரம், யாருக்கும் நஷ்டமில்லை.

ஆக, எந்தக் குறைக்கு வெளியேற்றம், எதைத் திருத்தலாம்னு நோட்டீஸ்லயே அச்சடிங்க. உறையைப் பிரிச்சப்புறம் முடிவு பண்ணினா, வேண்டியவனுக்கு எல்லாமே சின்னக் குறைதான். பரீட்சை முடிஞ்சதும் பாஸ் மார்க்கை மாத்தினா நாம சும்மா இருப்போமா?