எந்த விரல்?

சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையை இரு கையாலும் பிடித்து ‘சடக்’கென்று ஒரு திருப்புத் திருப்புவார்களே, அதை இன்னும் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் வந்தால் பிடிப்பு விட்டது என்று ஒரு நம்பிக்கை. கழுத்தெலும்புகளின் ஊடாகத்தான் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயும் ஓடுகிறது என்பது யாருக்கு நினைவிருக்கிறது? கழுத்தில் நரம்பு அழுந்தியவரைப் பிசியோதெரபிஸ்ட் கையாளும் விதமே வேறு. மல்லாக்கப் படுக்கவைத்து, பிடரிக்கு அடியில் விரல்களைக் கொடுத்து, தலையை மெல்லத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கிறார். எலும்பைப் பக்கவாட்டில் இம்மியளவு நகர்த்துகிறார். பார்ப்பவருக்கு ‘இதற்கா காசு?’ என்றுகூடத் தோன்றும். எனக்கு வியப்பு, அதற்கு முன்னால் அவர் கேட்கும் கேள்விதான்: எந்த விரல் மரத்துப்போகிறது? கட்டைவிரல் என்றால் பெரும்பாலும் கழுத்தின் ஆறாவது நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது. கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி குறைகிறதா என்றும் கேட்பார்; பலருக்குக் குறையும். அதற்காகக் குணமானதெல்லாம் கைவித்தை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ராசெஸ்டரில் 1976 முதல் 1990 வரை இந்தக் கோளாறு கண்ட 561 பேரை ஆராய்ந்தார்கள். அறுவை சிகிச்சை வரை போனவர்கள் கால்வாசிப் பேர்தான், கடைசியில் பத்தில் ஒன்பது பேர் பெரிய தொந்தரவில்லாமல் இருந்தார்கள். பாதி வேலையை நாள்களே செய்துவிடுகின்றன போலும். ஆனால் கை பலமிழந்து டம்ளர் நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் கதை வேறு. அப்படி வருகிறவரைத் தொடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவைக்கிற பிசியோதெரபிஸ்டிடம்தான் நான் கழுத்தைக் கொடுப்பேன்.