"இந்த வயசுல அதெல்லாம் எதுக்கும்மா?" என்பது மருத்துவ ஆலோசனை இல்லை

1.
மாதவிடாய் நின்ற பிறகு உடலுறவில் வலி, எரிச்சல், உணர்ச்சியே இல்லை என்று ஒரு பெண் டாக்டரிடம் சொன்னால், நம்ம ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரு கேள்விதான். "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கும்மா?" இதைக் கேட்கும் சக டாக்டர்களோடு சண்டை போடத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. ஆண்களும் படிங்க.

2.
முதல்ல ஒரு ஒப்பீடு. 58 வயது ஆண் வந்து "முன்ன மாதிரி இல்லை டாக்டர்" என்கிறார். என்ன செய்வோம்? சர்க்கரை பார்ப்போம். பி.பி.க்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்போம். டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்ப்போம். மாத்திரை எழுதுவோம். "பேரன் பேத்தி எடுத்தாச்சே, இனி எதுக்கு?" என்று யாராவது கேட்டு நீங்க பார்த்திருக்கீங்களா? அவர் மனைவி அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே விஷயத்தைச் சொன்னால் மட்டும் நமக்கு வயசு ஞாபகம் வந்துவிடுகிறது.

3.
இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. வயாகராவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998 மார்ச். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானெல், கிளிட்டோரிஸ் என்ற உறுப்பின் முழு அளவையும் வடிவத்தையும் சடலங்களை அறுத்துப் பார்த்து எழுதி, பாடப்புத்தகப் படங்கள் தவறு என்று காட்டியதும் அதே 1998. வெளியே தெரிவது நுனி மட்டும்தான். மீதி எல்லாம் உள்ளே இருக்கிறது. அதில் எத்தனை நரம்பு இழைகள் என்று மனித உடலில் ஒழுங்காக எண்ணி அறிவித்தது 2022-ல். பத்தாயிரத்துக்கும் மேல். ஆணுக்கு மாத்திரை கடைக்கு வந்த வருஷத்தில், பெண்ணுக்கு உறுப்பின் படத்தையே திருத்திக்கொண்டிருந்தோம்.

4.
சரி, உடம்புக்குள் என்ன நடக்குது?
யோனி, அதன் வெளிப்பக்கம், கிளிட்டோரிஸ், சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி எல்லாமே ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் சொல்லும் திசுக்கள். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்போது உள்தோல் தடிமனாக, மடிப்போடு, நெகிழ்வாக இருக்கும். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். உணர்ச்சி எழும்போது வரும் ஈரம், அந்த ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வருவதுதான். ரத்த ஓட்டம் குறைந்தால் ஈரம் குறையும். மனசில் ஆசை இருந்தாலும் குறையும். "உனக்கு என் மேல ஆசை இல்லை" என்று கோபப்படும் கணவன்மார் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிக்கவும்.

5.
ஈஸ்ட்ரோஜன் போனால் தோல் மெலியும். சுருங்கும். லேசாக உரசினாலே எரியும், சிலருக்கு ரத்தம் கசியும். தொடு உணர்ச்சி மங்கும். உச்சம் வர நேரமாகும், வந்தாலும் பலவீனமாக இருக்கும். சிலருக்கு வரவே வராது. வலி வரும் என்று தெரிந்தவுடன் இடுப்புத் தசைகள் தாமாகவே இறுகும். இறுகினால் வலி இன்னும் கூடும். அடுத்த முறை நினைத்தாலே பயம். கடைசியில் "எனக்கு விருப்பமே போயிடுச்சு" என்று அந்தப் பெண்ணே நம்பிவிடுவார். பல பேருக்குப் போனது விருப்பம் இல்லைங்க. வந்தது வலி.

6.
உடம்பு திடீர்னு கொதிப்பது, ராத்திரி வேர்ப்பது எல்லாம் பெரும்பாலானவர்களுக்குச் சில வருஷங்களில் அடங்கிவிடும். இது அடங்காது. சிகிச்சை இல்லாவிட்டால் வருஷம் போகப் போகக் கூடும். மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அதற்குப் பிறகு சராசரியாக ஏறக்குறைய முப்பது வருஷ வாழ்க்கை இருக்கு. அவ்வளவு காலத்துக்கும் சேர்த்து "எதுக்கும்மா" என்று சொல்ல நாம் யார்?

7.
கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்த பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. இயற்கையாக நிற்பவருக்கு ஹார்மோன் சில வருஷங்களில் படிப்படியாகக் குறையும். இவர்களுக்கு ஒரே நாளில் விழும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் இல்லை, பெண் உடம்பில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனிலும் ஏறக்குறைய பாதி போய்விடும். 38, 40 வயதில் இந்த ஆபரேஷன் நடந்த பெண்களில் எத்தனை பேரிடம் "இதற்குப் பிறகு உடலுறவில் மாற்றம் வரும், மருந்து இருக்கு" என்று முன்கூட்டியே சொல்கிறோம்? கையெழுத்து வாங்கும் படிவத்தில் மயக்க மருந்தின் ஆபத்து இருக்கும். இது இருக்காது.

8.
ஓ.பி.யில் நடப்பது என்ன தெரியுமா? பெண் "அரிப்பு, எரிச்சல்" என்று மட்டும் சொல்வார். உடலுறவு என்ற வார்த்தை வாயில் வராது. நாம் பரிசோதிக்காமலே பூஞ்சைக்கு க்ரீம் எழுதுவோம். சரியாகாது. மறுபடி வருவார். வேறு க்ரீம். பிறகு நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்ஷன், ஆன்டிபயாடிக். மூன்று மாதத்தில் மறுபடி. பூஞ்சையே இல்லாத இடத்தில் எத்தனை டியூப் போட்டு என்ன பயன்? அங்கே குறைந்திருப்பது ஈஸ்ட்ரோஜன்.

9.
இதற்கு மருந்து இருக்கு. குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனை யோனியிலேயே வைப்பது. நம்ம ஊரில் எஸ்ட்ரியால் க்ரீமாகக் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு முறை. சில வாரங்களில் மாற்றம் தெரியும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். தோல் மீண்டும் தடிக்கும், ரத்த ஓட்டம் கூடும், ஈரம் திரும்பும், வலி குறையும். வலி போனால் தொடுதலின் சுகம் திரும்ப இடம் கிடைக்கும். நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். அதனால் தொடர்ந்து போடணும். ஒரு டியூப் முடிஞ்சதும் "பலிக்கலை" என்று விட்டுவிடாதீங்க.

10.
"சுகம்" என்ற வார்த்தையே மருத்துவத்தில் வரக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் வரும், மாதவிடாய் நின்ற 93 பெண்களை வைத்து 1993-ல் ஓர் ஆய்வு வெளியானது. வெற்று க்ரீம் போட்டவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று. எஸ்ட்ரியால் க்ரீம் போட்டவர்களுக்கு 0.5 முறை. முப்பது வருஷத்துக்கு முந்திய தகவல் இது. உடலுறவே வேண்டாம் என்று முடிவு செய்த பெண்ணுக்கும் இந்த மருந்து தேவைப்படலாம்.

11.
"ஹார்மோனா? கேன்சர் வருமே!" வந்துட்டீங்களா, வாங்க.
இந்தப் பயத்தின் பிறந்தநாள் 2002 ஜூலை. அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில் 16,608 பெண்களைக் கொண்ட ஒரு பிரிவு பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று உலகம் முழுக்கச் செய்தி. அந்த 26-ன் நிஜ அளவு என்ன? பத்தாயிரம் பெண்களில் வருஷத்துக்கு 30 பேருக்கு வருவது 38 ஆனது. எட்டுப் பேர் கூடுதல். எட்டுப் பேரும் உயிர்தான், மறுக்கலை. ஆனால் செய்தியைப் படித்தவர்கள் மனசில் பதிந்தது நாலில் ஒருத்திக்குக் கேன்சர் என்று.

12.
அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் ஏராளம். கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பக்கவாதம் கூடியது, அதனால் 2004-ல் அதையும் நிறுத்தினார்கள். இதையும் மறைக்காமல் சொல்லணும். ஆனால் முக்கியமான விஷயம் இது: இரண்டு பிரிவிலும் சோதித்தது வாய் வழியாகச் சாப்பிடும் மாத்திரையை. யோனியில் வைக்கும் க்ரீமை இல்லை.

13.
மாத்திரை முழு உடம்புக்கும் போகிறது. குறைந்த அளவு க்ரீமிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். அதே திட்டத்தில் பல வருஷம் பின்தொடர்ந்த பெண்களில், யோனி வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ கூடவில்லை என்று 2018-ல் வெளியானது. ஆனாலும் மாத்திரைக்கு ஒட்டிய எச்சரிக்கையை 2003-லிருந்து க்ரீம் பெட்டியிலும் ஒட்டி வைத்தார்கள். அதை நீக்கும் முடிவை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அறிவித்தது 2025 நவம்பரில். இடையில் போனது இருபத்திரண்டு வருஷம். அந்தத் துண்டுச் சீட்டைப் படித்துப் பயந்து, வாங்கிய டியூபைப் பிரிக்காமல் பீரோவில் வைத்த பெண்கள் எத்தனை பேரோ.

14.
எல்லாருக்கும் கண்ணை மூடிக்கிட்டு கொடுக்கலாமா? கூடாது.
மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முதலில் காரணம் கண்டுபிடிக்கணும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், அதற்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கலந்து பேசித்தான் முடிவெடுக்கணும். இவர்களுக்கு முதலில் ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்கள். முழு உடம்புக்கான மாத்திரை என்றால் விதிகள் கடுமை. கர்ப்பப்பை இருப்பவருக்குத் தனி ஈஸ்ட்ரோஜன் கூடாது, கூடவே புரோஜெஸ்டிரோன் வேணும். ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிப்பதுதான் பொதுவாக நல்லது. டாக்டர் பார்த்து எழுத வேண்டிய மருந்து இது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது இல்லை.

15.
இன்னொரு நுணுக்கம். மாத்திரையாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போகும்போது, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கூட்டிவிடும். அதனால் உடம்புக்குப் பயன்படும் டெஸ்டோஸ்டிரோன் குறையும். "கொதிப்பு நின்னுச்சு, ஆனா ஆசை இன்னும் குறைஞ்சிடுச்சு" என்று ஒரு பெண் சொன்னால் அது மனப்பிரமை ஆகாது. தோலில் தடவும் ஜெல்லுக்கு மாற்றிப் பார்க்கலாம். இதைச் செய்ய முதலில் அவரிடம் ஆசையைப் பற்றிக் கேட்டிருக்கணும் இல்லையா?

16.
டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கும் கொடுக்கலாமா? மாதவிடாய் நின்ற பிறகு ஆசை குறைந்து, அதனால் மனவேதனைப்படும் பெண்களுக்கு, மற்ற காரணங்களைப் பார்த்த பிறகு, கொடுக்கலாம் என்று 2019-ல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து சொல்லின. பலன் எவ்வளவு? திருப்தியான உறவு மாதத்துக்குச் சராசரியாக ஒன்று கூடுகிறது. சிலருக்கு அந்த ஒன்றே பெரிது. அதற்காக ஆண்களுக்கான ஊசியையோ ஜிம்மில் விற்பதையோ தொடாதீங்க. அளவு மீறினால் முகத்தில் முடி, குரல் தடித்தல். குரல் திரும்பாமலும் போகலாம். யூடியூபில் "பெண்களுக்கான வீரிய லேகியம்" விற்பவர்களிடம் என்ன சேர்த்திருக்கீங்க என்று கேளுங்க. பதில் வராது.

17.
ஹார்மோன் செய்யாததும் நிறைய இருக்கு. இருபது வருஷமாகப் பேசாத கணவனைப் பேச வைக்காது. கல்யாணமான பையனும் மருமகளும் அடுத்த அறையில், நடுவில் ஒரு திரைச்சீலை என்ற வீட்டுக்குள் தனிமையைக் கொண்டுவராது. சில மனச்சோர்வு மாத்திரைகள் உச்சத்தைத் தள்ளிப்போடும், கட்டுப்படாத சர்க்கரை நரம்பைக் கெடுக்கும். இதையெல்லாம் தனியாகத்தான் பார்க்கணும். ஆனால் "எல்லாம் மனசுதாம்மா" என்று சொல்லி அனுப்புவதற்கு முன் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்க. மெலிந்து சிவந்து போன தோல் மனசில் இல்லை, கண் முன்னால் இருக்கு.

18.
சக டாக்டர்களுக்கு: பெண்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் எல்லாம் முடிந்து, சீட்டை வாங்கி, எழுந்த பிறகுதான் சொல்வார்கள். நாம்தான் கேட்கணும். "மாதவிடாய் நின்ன பிறகு நிறைய பேருக்குச் சேரும்போது வலி, வறட்சி இருக்கும். உங்களுக்கு இருக்காம்மா?" இவ்வளவுதான். பத்து விநாடி. துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்க. "வேண்டாம் டாக்டர், எனக்கு அதில் விருப்பமில்லை" என்று அவர் சொன்னால் அதுவும் சரி. அது அவர் முடிவு. அவருக்காக நாம் முடிவெடுத்துவிட்டு அதற்கு "ஜாக்கிரதை" என்று பேர் வைப்பதைத்தான் தப்பு என்கிறேன். பயத்தால் எழுதாமல் விட்டதற்குக் காரணம் ஆய்வு என்று சொல்லாதீங்க. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

19.
கணவன்மார்களுக்கு: அவர் விலகிப் போவது உங்களிடமிருந்து இல்லாமல் வலியிலிருந்தாக இருக்கலாம். கேளுங்க. வலிக்குதுன்னா நிறுத்துங்க. க்ரீம் வேலை செய்ய எட்டு, பத்து வாரம் ஆகும். அதுவரை அவசரம் வேண்டாம். மருந்து ஆரம்பித்தது உங்களுக்காக என்று நினைக்காதீங்க. அவருக்காகவும்தான்.

20.
அம்மா, அக்கா, உங்களுக்கு: டாக்டரிடம் போய் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியலைன்னா இதை அப்படியே சொல்லுங்க, இல்லை போனில் காட்டுங்க. "மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் கீழே வறட்சியா இருக்கு, சேரும்போது வலிக்குது, முன்ன இருந்த உணர்ச்சி இல்லை. பரிசோதிச்சுப் பார்த்து, ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எனக்குப் பொருந்துமான்னு சொல்லுங்க." எதுக்கு என்று கேட்டால், "எனக்கு வேணும், அதனால" என்று சொல்லுங்க. வேறு காரணம் எதுவும் நீங்க காட்ட வேண்டியதில்லை. அதற்கு மேலும் கேட்டால், வேறு டாக்டரைப் பாருங்க.