ஹாஸ்கெல்லுக்கு ஒரு ஜென்மம்கூடக் கிடையாதா?

போன மாதம் காஸ்ட் அக்கவுண்டிங் கிளாஸில், கடைசி பெஞ்சில் வைத்து நண்பன் ஒருவன் ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தான். "படிச்சுப் பாருடா. மறுபிறவி உண்டுன்னு சயின்டிஃபிக்கா ப்ரூவ் பண்ணியிருக்கான்" என்றான். ஜாக் லண்டன் எழுதிய 'தி ஸ்டார் ரோவர்'. 1915-ல் வந்த நாவல். நாயையும் ஓநாயையும் வைத்துக் கதை எழுதியவர் என்று நமக்கெல்லாம் தெரியுமே, அவரேதான். மூன்று ராத்திரி தூங்காமல் படித்து முடித்தேன். (அந்த வாரம் வந்த இன்டர்னல் மார்க்கைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.)

புத்தகம் அபாரம். நண்பன் சொன்னது மட்டும் சுத்தப் பொய். பொய் என்பதோடு விட்டுவிடலாம்தான், ஆனால் அது கொஞ்சம் ஆபத்தான பொய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கதை. டாரெல் ஸ்டாண்டிங் என்று ஒருத்தர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேளாண் துறைப் பேராசிரியர். கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்று சான் குவென்டின் சிறைக்கு வருகிறார். அங்கே கைதிகளை வைத்து ஒரு சணல் ஆலை நடத்துகிறார்கள். தறியில் வேலை எவ்வளவு வீணாக நடக்கிறது என்று இந்த மனிதர் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், 'திருந்தாத ஜென்மம்' என்று முத்திரை விழுந்துவிட்டது. நம் பாடத்தில் எஃபிஷியன்சி பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோமே, நடைமுறையில் அதைப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடையாது.

அடுத்து நடப்பது இன்னும் கொடூரம். செசில் வின்வுட் என்ற கைதி, தனக்கு விடுதலை வாங்குவதற்காக ஒரு சதிக் கதையைக் கட்டுகிறான். சிறைக்குள் டைனமைட் வந்திருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று ஸ்டாண்டிங்குக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிடுகிறான். டைனமைட் என்று ஒன்று இல்லவே இல்லை. இல்லாத ஸ்டாக்கை எப்படிக் காட்டுவது? சிறை அதிகாரி ஆதர்டன் நம்பவில்லை. இருட்டுக் கொட்டடி, அதோடு கேன்வாஸ் சட்டை. உடம்பு முழுவதையும் சுற்றிக் கயிறு போட்டு, மூச்சு திணறும் அளவுக்கு இறுக்கிக் கட்டி, மணிக்கணக்கில், பிறகு நாள்கணக்கில், கடைசியில் பத்து நாள் வரை அப்படியே தரையில் போட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் இந்த நாவல் வந்ததே 'தி ஜாக்கெட்' என்ற பெயரில்தான்.

பக்கத்துக் கொட்டடிகளில் எட் மோரெல், ஜேக் ஓப்பன்ஹைமர் (அணுகுண்டுக்காரர் இல்லை, இவர் வேறு). விரல் முட்டியால் சுவரில் தட்டித் தட்டித்தான் மூவரும் பேசிக்கொள்கிறார்கள். சட்டைக்குள் உயிர் பிழைக்கும் வழியை மோரெல் அப்படித்தான் தட்டிச் சொல்லிக் கொடுக்கிறார். கால் சுண்டுவிரலில் ஆரம்பித்து, இது செத்துவிட்டது என்று மனதால் நினைத்து நினைத்து, உடம்பை ஒவ்வொரு அங்கமாக 'சாகடித்துக்கொண்டே' மேலே வர வேண்டும். கடைசியில் மனம் மட்டும் வெளியே போய்விடும். ஸ்டாண்டிங் அப்படி வெளியே போகும்போதெல்லாம் போய் விழுவது தன் முந்தைய பிறவிகளில். பிரெஞ்சுப் பிரபு, கொரியாவில் கரை ஒதுங்கிய ஆங்கில மாலுமி, பிலாத்து காலத்து ஜெருசலேமில் ரோமானியப் படையில் இருந்த வடநாட்டு வீரன், வில் பிடித்த ஆதி மனிதன் என்று போகிறது பட்டியல். இவற்றில் என்னை உலுக்கியது ஒன்பது வயதுகூட நிரம்பாத சிறுவன் ஜெஸ்ஸி. யூட்டாவில் 1857 செப்டம்பரில் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில், மேற்கே குடியேறப் போன சுமார் 120 பேரை மார்மன் படையினர் கொன்றது நிஜ வரலாறு. அந்த வண்டிகளுக்குள் இருந்த ஒரு பையனின் கண் வழியாக அதை எழுதியிருக்கிறார். தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தைப் படிக்கும்போது எனக்கே நாக்கு வறண்டது.

இப்போது நண்பனின் 'சயின்ஸ்'.

அவன் அடித்துச் சொல்லும் ஆதாரம் ஒரு துடுப்பு. ஒரு பிறவியில் டேனியல் ஃபாஸ் என்பவராக, ஆளில்லாத பாறைத் தீவில் வருடக்கணக்கில் தனியாகக் கிடந்து, ஒரு துடுப்பில் நாள்களைக் கீறி வைக்கிறார் நம் பேராசிரியர். அந்தத் துடுப்பு ஃபிலடெல்ஃபியா மியூசியத்தில் இருக்கிறது என்று பின்னால் தெரியவருவதாக நாவல் சொல்கிறது. "பாத்தியா, துடுப்பே இருக்குல்ல!" என்கிறான் இவன். அடேய், அந்த டேனியல் ஃபாஸ் பெயரில் ஒரு கப்பல் விபத்துக் கதை 1810-களிலேயே அமெரிக்காவில் சிறு நூலாக அச்சாகியிருக்கிறது. ஜாக் லண்டன் அதை எடுத்து முற்பிறவி என்று பெயர் மாற்றி எழுதிவிட்டு, பழைய கதையில் இருந்த துடுப்பையே சாட்சிக்கு அழைக்கிறார். பில்லைப் பார்த்து என்ட்ரி போட்டுவிட்டு, அந்த என்ட்ரிக்கு ஆதாரமாக அதே பில்லை நீட்டுவது போல. நாவலாசிரியர் செய்தால் அது சாமர்த்தியம், அவருக்கு அந்த உரிமை உண்டு. படிக்கிறவன் அதை நிரூபணம் என்று சொன்னால் ஆடிட்டிங் பேப்பரில் அவனை ஃபெயில் ஆக்க வேண்டும்.

நிஜ வாழ்க்கையிலும் இது நடந்திருக்கிறது. 1952-ல் கொலராடோவில் மோரி பெர்ன்ஸ்டைன் என்பவர் ஒரு பெண்ணை ஹிப்னாடிசம் செய்ய, அவர் தன்னை 19-ம் நூற்றாண்டு அயர்லாந்தின் பிரைடி மர்ஃபி என்று சொன்னார். 1956-ல் புத்தகமாக வந்து சக்கைப்போடு போட்டது. பத்திரிகைக்காரர்கள் தோண்டினார்கள். அந்தப் பெண் சிறுமியாக சிகாகோவில் இருந்தபோது எதிர்வீட்டில் ஓர் அயர்லாந்துப் பெண்மணி இருந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன் அவர் பெயர், பிரைடி மர்ஃபி! மறந்துபோன ஞாபகம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவதற்கு முற்பிறவி எதற்கு?

ஓப்பன்ஹைமர் பாத்திரத்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதும் இதனால்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, ஸ்டாண்டிங் தட்டும் கதைகளை ரசித்துக் கேட்பார். ஆனால் நம்ப மாட்டார். எல்லாம் உன் மண்டைக்குள் ஓடும் கனவு என்பார். ஆக, நாவலே முழுசாக நம்பாத ஒன்றை என் நண்பன் நம்புகிறான்.

சரி, நம்பிவிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன என்று கேட்கலாம்.

எனக்கு இருக்கிறது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுகிறோம். தப்பைக் கண்டுபிடிக்கும் வரைக்கும்தான் அது. நம் ஊரில் முன் ஜென்மம் என்பது யாரும் எப்போதும் மூடாத சஸ்பென்ஸ் அக்கவுண்ட். என் அத்தை மகனுக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க வராது. வீட்டுக்கு வருகிறவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே, "எந்த ஜென்மத்துல யாருக்கு என்ன பண்ணினாளோ" என்பார்கள், அத்தை காதுபடவே. அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். பிரசவ நேரத்தில் என்ன நடந்தது, டாக்டர் எப்போது வந்தார் என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. கணக்கு ஏற்கெனவே டேலி ஆகிவிட்டதே, எதற்குக் கேட்பார்கள்?

இந்த விஷயத்தில் ஜாக் லண்டனை நான் கும்பிடுகிறேன். அவர் நாவலில் பாவ-புண்ணியக் கணக்கு கிடையாது. ஜெஸ்ஸி சாவது எந்தப் பாவத்துக்காகவும் அல்ல. கட்டிப் போடப்பட்டவனே சொல்லும் முற்பிறவி இது. கட்டியவன் தன் வசதிக்குச் சொல்வது இல்லை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லண்டனே 1894-ல் ஊர் சுற்றித் திரிந்த குற்றத்துக்காக முப்பது நாள் சிறையில் இருந்தவர். எட் மோரெல் நிஜ மனிதர். சான் குவென்டினில் தனிக் கொட்டடியில் வருடக்கணக்கில் கிடந்து, 1908-ல் வெளியே வந்து லண்டனுக்கு நண்பரானவர். ஓப்பன்ஹைமரும் நிஜம், 1913-ல் ஃபோல்சம் சிறையில் தூக்கிலிடப்பட்டவர். இந்தப் புத்தகத்தின் உண்மை எல்லாம் சட்டைக் கயிற்றில் இருக்கிறது, நட்சத்திரத்தில் இல்லை.

ஆனால் கும்பிட்ட கையோடு ஒரு சண்டையும் இருக்கிறது. அத்தனை யுகமாக அலைகிற ஆத்மா, விரிவாகச் சொல்லும் பிறவிகளில் ஒன்றில்கூடப் பெண்ணாகப் பிறக்கவில்லை, கவனித்தீர்களா? கொரியாவுக்கே போனாலும் வெள்ளைக்கார மாலுமியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. லண்டனுக்குத் தன் இனத்தைப் பற்றி இருந்த பெருமை ஊரறிந்தது. உலகம் பூராவும் சுற்றியும் அந்த ஆத்மாவால் அதைத் தாண்ட முடியவில்லை.

அதைக்கூடப் பொறுக்கலாம். ஹாஸ்கெல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. யார் ஹாஸ்கெல் என்கிறீர்களா? அதுதான் பிரச்சினையே! ஸ்டாண்டிங் கொன்ற சக பேராசிரியர். ஏன் கொன்றார்? அது சொந்த விவகாரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பிறவி பிறவியாகத் தன்னைத் தொடரும் சிவப்பு வெறி ஒன்று உண்டாம், அது வந்து கொன்றுவிட்டதாம். பாவத்துக்குக் கணக்கில்லை என்று சொன்ன அதே நாவல், கோபத்துக்கு மட்டும் ஓப்பனிங் பேலன்ஸ் கொண்டுவருகிறது. காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர்கள் செய்ததும் இதுதானே? இந்தப் பிறவியில் பதில் சொல்ல வேண்டியதை இன்னொரு பிறவியின் தலையில் கட்டுவது.

ஸ்டாண்டிங்கைக் கடைசியில் எதற்காகத் தூக்கில் போடுகிறார்கள் தெரியுமா? எலும்பும் தோலுமாகத் தடுமாறி வெளியே வரும்போது ஒரு காவலாளியின் மூக்கில் இடித்து ரத்தம் வந்துவிடுகிறது, அதற்காக. ஆயுள் கைதி தாக்கினால் மரண தண்டனை என்று அப்போது கலிஃபோர்னியாவில் நிஜமாகவே சட்டம் இருந்தது. நிஜ ஓப்பன்ஹைமரின் உயிரை எடுத்ததும் அதே சட்டம்தான். அந்த அநியாயத்தைப் படிக்கும்போது ரத்தம் கொதிக்கிறது, கொதிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். ஒரு மூக்கு ரத்தத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. ஹாஸ்கெல்லின் ரத்தத்துக்கு ஒரு பாரா.

புத்தகத்தை நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். துடுப்பு வரும் பக்கத்தில் அவன் பென்சிலால் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறான். ஹாஸ்கெல் பெயர் வரும் இடத்தில் நான் ஒன்று போட்டிருக்கிறேன்.