நீந்துவதெல்லாம் மீனா?



முதுகெலும்பு உள்ள விலங்குகள் ஐந்து வகுப்பு. மீன்கள், இருவாழ்விகள், ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள். இதை நாம எல்லாரும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். பரீட்சையில எழுதிட்டு வெளியே வந்ததும் மறந்துடுவோம். "கடலோரத்துல பொறந்த நமக்கு மீனைப் பத்தி புஸ்தகம் வேற சொல்லணுமா? மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துத் தரணுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. என் கருத்து வேறு. எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு இது மார்க்குக்கான பாடம் மட்டும் இல்லை. நம்ம ஆத்துலயும் கடல்லயும் எது எதனால சாகுதுன்னு புரிஞ்சுக்க வைக்கிற பாடம். எப்படி என்று சொல்கிறேன்.

காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போனால் வஞ்சிரம் இருக்கும், சங்கரா இருக்கும், பக்கத்துலயே இறால், நண்டு, கணவா எல்லாம் இருக்கும். வியாபாரத்துக்கு எல்லாமே மீன்தான். ஆனால் அறிவியல் கேட்கிற முதல் கேள்வி, "முதுகெலும்பு இருக்கா?" என்பது. இறாலுக்கும் நண்டுக்கும் முதுகெலும்பு கிடையாது, வெளியே ஓடுதான் உண்டு. அவை பூச்சிகளோடு சேர்ந்த கணுக்காலிகள். கணவா நத்தைக்கும் மட்டிக்கும் சொந்தமான மெல்லுடலி. மூன்றுமே மீன் இல்லை.

சுறாவையும் திருக்கையையும் பாருங்கள். சுறாப்புட்டு சாப்பிடும்போது ஏன் முள் குத்துவதில்லை? சுறாவின் எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. நம்ம காது மடலில் இருக்கிறதே, அது மாதிரி. மடவை, கொடுவா, கெளுத்தி போன்றவை எலும்பு மீன்கள். பாடத்தில் வரும் "குருத்தெலும்பு மீன், எலும்பு மீன்" என்கிற பிரிவு நம்ம வீட்டுச் சட்டியிலேயே இருக்கிறது.

அடுத்த முக்கியமான கேள்வி, "எதால மூச்சு விடுது?" என்பது. மீன் வாங்கும்போது ஆயா செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்க. சிவப்பா இருந்தா நல்ல மீன். அந்தச் சிவப்பு ஏன்? தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை ரத்தம் எடுத்துக்கொள்கிற இடம் செவுள். அதனாலதான் அங்கே அவ்வளவு ரத்தம்.

தண்ணியிலும் தரையிலும் இருக்கிறதெல்லாம் இருவாழ்வி என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. சேற்றில் தாவித் தாவிப் போகிற உளுவை வகை மீன் ஒன்று உண்டு. அது வெளியே வரும்போது செவுள் அறையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத் தோலாலும் மூச்சு விடும். ஆனாலும் அது மீன்தான். தவளை அப்படி இல்லை. தலைப்பிரட்டையாக இருக்கும்போது செவுள், வளர்ந்த பிறகு நுரையீரலும் தோலும். ஆமை பிறந்தது முதலே நுரையீரலால் மூச்சு விடுகிற ஊர்வன. கடல் பாம்பும் அப்படியே. பாம்பு மாதிரி இருக்கிற விலாங்கோ மீன். டால்பின் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பாலூட்டி.

இதில் பெரியவர்களும் குழம்பியிருக்கிறார்கள். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டு வெளியிட்ட பதிப்பில்தான் திமிங்கலத்தை மீனிலிருந்து எடுத்துப் பாலூட்டியில் சேர்த்தார். அதே புத்தகத்தில் சுறாவை இருவாழ்விகளோடு வைத்துவிட்டார்! பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். இப்போது வம்சாவளியைப் பார்த்துத்தான் வகைப்படுத்துகிறார்கள். அந்தக் கணக்குப்படி முதலைக்கு ஓணானைவிடப் பறவைதான் நெருங்கிய சொந்தம். ஆகவே வகைப்பாடு என்பது கல்லில் வெட்டிய எழுத்து இல்லை, பார்த்துப் பார்த்துத் திருத்துகிற கணக்கு.

சரி, இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது என்று கேட்பீர்கள். இங்கதான் என் கருத்து வருகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்தது நம் எல்லாருக்கும் தெரியும். காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் படகும் வலையும் கறுப்பாயிடுச்சு. அப்போது இறகெல்லாம் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாக்களின் படம் பேப்பரில் வந்தது, எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள். பறவை வெளியே தெரியும். இறகில் எண்ணெய் ஒட்டினால் தண்ணீர் உள்ளே போகும், உடம்புச் சூடு போய்விடும். ஆனால் தண்ணீருக்குள்ளே செவுளில் எண்ணெய் ஒட்டின மடவையை யார் படம் எடுத்தார்கள்? அதைத் தெரிஞ்சுக்க செவுள் என்றால் என்னன்னு தெரிஞ்சிருக்கணும்.

சாம்பல் கலந்த தண்ணீர் ஆற்றில் சேர்ந்தால் நுண்ணிய துகள் செவுளை அடைக்கும். நீராவியைக் குளிர்வித்த வெந்நீர் ஆற்றில் விழுந்தால், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மீனை யாரும் அடிக்க வேண்டியதில்லை, அதுவே மூச்சு முட்டும்.

தவளையின் கதை வேறு. அதன் தோல் தண்ணீரை உறிஞ்சும், அதனால் உப்புக் கடலில் முழு வாழ்க்கையும் வாழ்கிற இருவாழ்வி உலகத்திலேயே இல்லை. அதற்கு மழைத்தண்ணீர்க் குட்டைதான் வேண்டும். குட்டையில் மண்ணைக் கொட்டி மூடினால், ஆற்றை எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் தவளை திரும்பி வராது. கொசு மட்டும் வரும்.

ஆமையின் கதை இன்னும் வேறு. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. "ஆமை கடல்ல மூழ்கிச் சாகுமா?" என்று நிறைய பேர் கேட்டார்கள். சாகும். நுரையீரல் இருக்கிறதால அது மேலே வந்துதான் மூச்சு விடணும். இழுவலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் நம்மை மாதிரியே மூச்சுத் திணறிச் சாகும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல்தான் தொடங்குது. ஆமையோ ஜனவரியிலேயே முட்டையிடக் கரைக்கு வந்துவிடும். அதனால வலையில் ஆமை விலக்கும் கருவி வைப்பதும், விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைல் தள்ளி இழுப்பதும் கட்டாயம் நடக்க வேண்டும். மீன் பிடிக்காதே என்று நான் சொல்லவில்லை. நம்ம வீட்டு அடுப்பும் அதில்தான் எரியுது.

பாருங்கள், செவுளுக்கு ஒரு கேடு, தோலுக்கு ஒரு கேடு, நுரையீரலுக்கு ஒரு கேடு, இறகுக்கு ஒரு கேடு. மருந்தும் அப்படியே வேறு வேறு. "எல்லாம் மாசுதான்" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எது, எதால, எங்கே என்று வகை பிரித்துச் சொன்னால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வகைப்பாடு படிப்பதன் பயன் அதுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம்ம வகுப்பில் தொங்கும் படத்தில் துருவக் கரடியும் பென்குயினும் இருக்கின்றன. இருக்கட்டும். பக்கத்தில் நாமே ஒரு அட்டை எழுதி ஒட்டுவோம். நம்ம ஆறு, கடல், குட்டையில் இருக்கிறவை மட்டும். ஊர்ப் பெயர், முதுகெலும்பு உண்டா, எந்த வகுப்பு, எதால மூச்சு, எது அதுக்குக் கேடு என்று ஐந்து கட்டம். பெயர்களைத் தாத்தா, ஆயா, மாமாக்களிடம் கேட்டு வரலாம். புத்தகத்தில் இல்லாத பேர் அவங்ககிட்ட நிறைய இருக்கு. வகுப்பைப் புத்தகம் பார்த்து நாம நிரப்பலாம். குப்பத்துப் பேரைச் சொல்லும்போது யாரும் சிரிக்கக் கூடாது. கடலில் இறங்கித் தெரிஞ்சுக்கிட்ட பேர் அது.

அறிவியல் ஆசிரியை அவர்கள் அனுமதி கொடுத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம். அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் என் பொறுப்பு. முதல் வரியில் மடவை என்று எழுதலாமா, தோழர்களே?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி.