நெய்வேலிக்கும் வரட்டும் நட்புறவு நிதி

வேற்று நாட்டாரின் பணமும் மூளையும் உழைப்பும் கலந்து எழுந்த ஊர் தமிழ்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது நெய்வேலிதான். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கார்ப்பரேஷன் (என்.எல்.சி.) ஸ்தாபிக்கப்பட்டு, மறு ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததைத் தொடர்ந்து, அந்தச் செம்மண் பூமிக்கு மேற்கு ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் இயந்திரங்களும், சோவியத் யூனியனிலிருந்து அனல்மின் நிலையத்துக்கான சாதனங்களும் அவற்றைப் பொருத்தித்தரும் நிபுணர்களும் வந்து சேர்ந்தார்கள். உலகத்தை இரண்டாகப் பிளந்துவைத்திருந்த பனிப்போரின் இரு தரப்புகளும், ஒன்றின் இயந்திரம் மண்ணைத் தோண்ட மற்றொன்றின் இயந்திரம் மின்சாரம் தர, தென்னாற்காடு ஜில்லாவின் ஒரே ஊரில் அக்கம்பக்கமாக இயங்கிய விசித்திரம் இன்று நினைத்தாலும் வியப்புத் தருவது. 1962-இல் முதல் யூனிட் ஓடத்தொடங்கி, பின்னர் 600 மெகாவாட்டாக விரிந்த அந்த முதல் அனல்மின் நிலையம், 2020 செப்டம்பரோடு அடியோடு நிறுத்தப்பட்டது.

அதே செப்டம்பரில்தான், அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமும் திருத்தப்பட்டது. நட்புறவை வளர்க்கும் உத்தேசத்தோடு தூதரகங்கள் லாப நோக்கமற்ற சங்கங்களுக்கு வழங்கும் மானியங்கள் நெய்வேலி போன்ற ஊர்களை எட்டாமலிருப்பதற்கு அந்தத் திருத்தம் ஒரு முக்கிய காரணம் என்பது நம் அபிப்பிராயம். அயல்நாட்டுப் பணத்தை வாங்கும் ஸ்தாபனம் அதில் ஒரு ரூபாயைக்கூட வேறொரு சங்கத்துக்குப் பகிர்ந்தளிக்கக்கூடாது. நிர்வாகச் செலவு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. பணம் வந்திறங்கும் கணக்கு புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இருக்கவேண்டும். போதாக்குறைக்கு, பதிவு பெற விரும்பும் சங்கம் மூன்றாண்டு வயதுடையதாகவும், அந்த மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டதாகவும் இருக்கவேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. பத்துப் பதினைந்து பேர் சந்தா போட்டு, மாலைவேளையில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடும் வாசகர் வட்டமோ நாடகக் குழுவோ 15 லட்சத்துக்கு எங்கே போகும்? முன்அனுமதி பெற்று வாங்கலாமென்று ஒரு வழி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மானியத்துக்கும் தில்லியின் கதவைத் தட்டி, கொடுப்பவரின் உறுதிக் கடிதத்தோடு காத்திருக்கும் பொறுமையும் ஆள்பலமும் பெருநகர ஸ்தாபனங்களுக்கே சாத்தியம். முன்பு அத்தகைய ஸ்தாபனம் ஒன்று பெற்ற தொகையில் சிறு பகுதியேனும் ஜில்லாவிலுள்ள சங்கத்துக்குக் கைமாற வழியிருந்தது. இப்போது அதுவும் அடைபட்டுவிட்டது.

அயல்நாட்டுப் பணத்தின்மேல் சர்க்காருக்குள்ள சந்தேகம் ஆதாரமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். கலாசாரத்தின் பேரால் வரும் பணத்துக்கு வேறு எஜமானர்கள் இருக்கக்கூடும் என்பதற்கு, இந்தியாவிலும் பத்திரிகை நடத்திவந்த ‘கலாசாரச் சுதந்திரக் காங்கிரஸ்’ என்ற ஸ்தாபனத்துக்கு அமெரிக்க உளவுத்துறையின் பணம் சென்றது 1960-களின் பிற்பகுதியில் அம்பலமானதே போதிய அத்தாட்சி. மறுபக்கத்திலும் தர்மம் மட்டுமே நடந்ததென்று நம்புவதற்கில்லை. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி மலிவு விலைக்கு வந்த நூல்களும், வழவழத்த தாளுக்காகவே மாணவர்கள் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்ட ‘சோவியத் நாடு’ பத்திரிகையும் பிரசாரம் என்று தெரிந்தே வந்தவைதாம். தல்ஸ்தோயையும் செகாவையும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அறிந்தது அதனால் விளைந்த லாபம். ஆயினும் 1991-இல் சோவியத் யூனியன் மறைந்ததும் அந்த ஊற்று வற்றிப்போயிற்று. 2025-இல் அமெரிக்க சர்க்கார் தன் அயல்நாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்து, உதவி முகமையையே மூடிவிட்டதையும் கண்டோம். கொடுப்பவன் தனியொருவனாக இருக்கும்வரை, வாங்குபவன் அவனுடைய மனம் மாறும் நாளை எதிர்பார்த்தே காலந்தள்ள நேரும்.

ஆகவே, தடையை அப்படியே நீக்குக என்று நாம் கேட்கவில்லை. நிதியின் அமைப்பையே மாற்றுக என்கிறோம். மூன்று பெரும் போர்களில் ஒருவரையொருவர் மாய்த்துக்கொண்ட பிரான்ஸும் ஜெர்மனியும், 2019-ஆம் ஆண்டு ஆகன் உடன்படிக்கையின்படி, இரு சர்க்கார்களும் சேர்ந்து பணம் போடும் குடிமக்கள் நிதி ஒன்றை 2020-இல் ஏற்படுத்தின. சிறு ஊர்களின் சங்கங்களும் அதிலிருந்து, பெரிய தஸ்தாவேஜுகள் இல்லாமல், சில ஆயிரம் யூரோ பெற்று எல்லைக்கு அப்பாலுள்ள ஊரோடு உறவாட முடிகிறது. அதேபோல இந்தியாவும் ஜெர்மனியும் ஆளுக்குப் பாதி இட்டு ஒரு பொது நிதி தொடங்கி, 1950 முதல் இத்துறையில் அனுபவமுள்ள இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலின் கையில் நம் தரப்பு நிர்வாகத்தை ஒப்படைக்கலாம். அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, பொதுநலன் கருதி எந்தச் சங்கத்துக்கும் நிபந்தனைகளோடு விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தந்திருப்பதால், சட்டத்தைத் திருத்தவேண்டிய அவசியமும் இல்லை.

நெய்வேலிக்கு அந்தப் பணம் எதற்கு என்று கேட்கலாம். இங்கிருந்து நடனக் குழு ஒன்று போவதும் அங்கிருந்து இசைக் குழு ஒன்று வருவதுமே கலாசார உறவென்றால், அதற்குச் சென்னையே போதும். ஆனால் ஜெர்மனியின் ரைன் பகுதியிலும் லவுசிட்ஸிலும் வசிப்பவர்களோடு நெய்வேலிக்காரர்களுக்குப் பேசுவதற்கு மெய்யான விஷயம் இருக்கிறது. அவர்களும் பழுப்பு நிலக்கரியால் பிழைத்தவர்கள். அதற்காக ஊரை இழந்தவர்கள். 2023 ஜனவரியில் லுட்ஸெராத் என்ற சிற்றூர் சுரங்கத்துக்காகப் போலீஸ் பாதுகாப்போடு காலிசெய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இங்கே நெய்வேலி அருகே வளையமாதேவியில், சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காக வளர்ந்துநின்ற நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் ஏறின. 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தையே கைவிடுவதென்று ஜெர்மனி சட்டம் செய்திருக்கிறது. சுரங்கத் தொழிலாளி அதன்பின் என்ன செய்வது, தோண்டிய பள்ளம் ஏரியாவதா காடாவதா, பெயர்க்கப்பட்ட ஊரின் கோயிலும் இடுகாடும் எங்கே போவது என்ற கேள்விகள் அங்கே முன்னதாகவே எழுந்துவிட்டன. இங்கும் அவை ஒருநாள் எழாமல் இரா. இதை நிபுணர்களின் மாநாட்டுக்கு விட்டுவிடுவது போதாது. குடியானவரும் தொழிலாளரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசவேண்டிய விவகாரம் இது.

ஒரு நிபந்தனையை மட்டும் வற்புறுத்துவோம். நெய்வேலி நகரியத்தின் வாயிலான ஆர்ச் கேட்டுக்கு உள்ளே, மரநிழல் வீதிகளில் வசிக்கும் அதிகாரிகளின் சங்கங்களே மானியத்தைச் சுருட்டிக்கொள்ள இடந்தரலாகாது. நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கும் கிராமங்களின் மகளிர் குழுக்களுக்கும், ஒப்பந்தத் தொழிலாளரின் சங்கங்களுக்கும், தமிழிலேயே விண்ணப்பிக்கும் உரிமையோடு, சரிபாதி பங்கு ஒதுக்கப்படவேண்டும். 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடத்திப் பேரெடுத்த என்.எல்.சி. நிர்வாகம், இதற்குக் கூடமும் தங்குமிடமும் கொடுத்தால் போதும். தலைமை வகிக்க ஆசைப்படாமலிருந்தால் இன்னும் நல்லது. கடலூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினர் வரும் கூட்டத்தொடரிலேயே வெளியுறவு மந்திரியிடம் இதைப்பற்றி வினா எழுப்பவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.