அடைப்பு எங்கே இருக்கிறது?

‘போர்டு போச்சு, புதுசு போட்டுடுங்க!’ என்று சொல்வதற்கு எந்தத் தொழிலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதைக் கேட்டுத் தலையாட்டுவதற்கும் அறிவு வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லுகிறவர் நிபுணராகவும், தலையாட்டுகிறவர் நாகரிகஸ்தராகவும் நம்மிடையே உலவுகிறார்கள்.

காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் ஜப்பானிலுள்ள டைட்டோ கம்பெனி ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. எதிரிகள் நெருங்க நெருங்க, அதில் நான்கே ஸ்வரங்கள் இதயத் துடிப்பைப் போல வேகமெடுக்கும். அந்தச் சப்தம் நின்றால் விளையாட்டின் பாதி உயிர் போய்விடும். இத்தகைய பெட்டிகளை இன்றும் ஆசையாகச் சேகரிக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஒரு நாள் பெட்டியில் படம் ஓடுகிறது, சப்தம் இல்லை. உடனே போர்டு செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதலாமா?

ராயபுரம் கல்மண்டபத்தில் எனக்குப் பழக்கமான ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வால்வு ரேடியோவில் கை பழகியவர். அவரிடம் இதைக் கேட்டேன். “கொயாயில தண்ணி வரலன்னா ஊட்ட இடிச்சிடுவீங்களா சார்? அடப்பு எங்க கீதுன்னு பாக்க மாட்டீங்க?” என்றார்.

அவர் பார்க்கும் விதம் இதுதான். படம் ஓடுவதால் போர்டின் மூளை பிழைத்திருக்கிறது. 1985-இல் ஜப்பானியக் கம்பெனிகள் வகுத்த பொது இணைப்பு முறையில், மூளைக்கு 5 வோல்ட், ஒலிபெருக்கும் பகுதிக்கு 12 வோல்ட் என்று தனித்தனியாக மின்சாரம் வருகிறது. ஆகவே முதலில் அந்தப் பன்னிரண்டு வருகிறதா என்று மீட்டர் வைக்கிறார். கடற்காற்றில் இணைப்பு முனைகள் களிம்பேறியிருந்தால் பென்சில் ரப்பரால் தேய்க்கிறார். பிறகு சப்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் நடுக்காலை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொடுகிறார். ஸ்பீக்கர் ‘உர்ர்’ என்றால், அங்கிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் பழுதில்லை. கோளாறு பின்னால், ஒலியை உண்டாக்கும் சில்லின் பக்கம். ‘உர்ர்’ இல்லையென்றால் கோளாறு முன்னால். ஒரே தொடுகையில் சந்தேகத்தில் பாதி தீர்ந்தது! பாட்டோடு ஓயாத இரைச்சலும் சேர்ந்து வந்தால், வருஷக்கணக்கான சூட்டில் உள்ளே வற்றிப்போன மின்சாரப் பகுதியின் கண்டென்சரைச் சந்தேகிக்கிறார். திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அழுக்கு.

இதற்குப் பெயர் தர்க்கம். காலேஜில் படித்தால் சாஸ்திரம் என்று வணங்குகிறோம். கல்மண்டபத்தில் செய்தால் ‘ஏதோ நோண்டுகிறான்’ என்கிறோம்.

கூலி கேட்கும்போது நம் லட்சணம் இன்னும் தெளிவாகத் தெரியும். “பத்து ரூபாய்க் கண்டென்சருக்கு முந்நூறு ரூபாயா?” என்று கொதிக்கிறோம். ஐந்து ரூபாய் மாத்திரை எழுதித் தருகிற டாக்டரிடம் இந்தக் கணக்கைப் போடுகிறோமா? அங்கே யோசனைக்குக் கூலி. இங்கே மட்டும் சாமானுக்குக் கூலியா? யோசிக்கிறவனுக்குக் கொடுக்க மனம் வராத நாம், யோசிக்காமல் புதுப் போர்டு விற்கிறவனுக்கு ஆயிரக்கணக்கில் மறுபேச்சில்லாமல் எண்ணி வைக்கிறோம்.

எல்லாவற்றையும் பிழைக்க வைத்துவிடலாம் என்று நான் சாதிக்கவில்லை. அந்த விளையாட்டுக்கென்றே தனியாகச் செய்த சில்லு செத்துப்போனால் கடையில் கிடைக்காது. இன்னொரு பழைய போர்டிலிருந்துதான் கழற்றிப் போட வேண்டும். செத்த போர்டையும் காயலான் கடைக்கு அனுப்பக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

கம்பெனிகளின் கதை இதைவிட மோசம். அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி தன் விளையாட்டுப் பெட்டிகளோடு முழுச் சர்க்யூட் படத்தையும் சேர்த்தே அனுப்பியது. விளையாட்டுச் சாமானுக்கே அன்று அந்த மரியாதை இருந்தது. இன்று சட்டைப் பையில் இருக்கும் கைபேசியைத் திறக்கவே தனி ஆயுதம் தேவைப்படுகிறது. படத்தையோ கண்ணில் காட்டுவதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்த வருஷக் கடைசியில் ஓர் இணையதளமும் திறந்தது. நல்லதுதான். ஆனால் பழுதுபார்க்கத் தெரிந்தவன் பட்டினி கிடந்து வேறு வேலைக்குப் போய்விட்ட பிறகு, உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாம் எறிகிற போர்டு மாயமாய் மறைந்துவிடுவதில்லை. எங்கோ ஒருவன் அதை உடைக்கிறான். கம்பியை எரித்துச் செம்பு எடுக்கிறான். அந்தப் புகையை அவன் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டை எத்தனையோ வருஷங்களாகச் சுமக்கும் வடசென்னைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. எறிகிறவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை யாராவது ‘போர்டு போச்சு’ என்றால், ‘அதில் எது போச்சு?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவனைத் தேடிப் போங்கள். அவன் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.